சக்கரை போடாம ஒரு காபி

திண்டிவனம் தாண்டிப் பத்து நிமிஷத்தில் வண்டி இடப்பக்கம் ஒதுங்கியது. "இருவது நிமிஷம் நிக்கும், டிபன் சாப்புடறவங்க சாப்புடலாம்" என்று நடத்துநர் கதவுத் தகரத்தைத் தட்டிவிட்டு முதல் ஆளாக இறங்கிப் போனார். காலை எட்டரை. கிளாம்பாக்கத்தில் ஏறிய திருச்சி வண்டி அது. எனக்கு விழுப்புரத்தில் ஒரு பத்திர நகல் வாங்கும் வேலை, மாலைக்குள் திரும்பிவிடலாம். வெளிநாட்டுப் பயணம் மாதிரி எதையும் நான் எதிர்பார்த்துக் கிளம்பவில்லை.

மேசைக்கு வந்த தம்பிக்கு இருபது வயதிருக்கும். தண்ணீர் டம்ளரை வைத்துவிட்டு மூச்சுவிடாமல் சொன்னான்: "இட்லி பொங்கல் வடை பூரி தோசை ரோஸ்ட் ஊத்தப்பம்." ஒரு பிசிறு இல்லை. எனக்குத் தைரியம் வந்துவிட்டது.

"ரெண்டு இட்லி. ஒரு வடை. வடையைச் சாம்பார்ல போடாம தனியா வைங்க. அப்புறம் சக்கரை போடாம ஒரு காபி."

தலையை ஆட்டிக்கொண்டு போனான். வந்தபோது வடை சாம்பாரில் மிதந்தது. காபி பாயசமாக இனித்தது. வடையை விட்டுவிடலாம், ஊறிய வடையும் வடைதான். காபியை மட்டும் தள்ளிவைத்து, "தம்பி, சக்கரை வேணாம்" என்றேன். மிகவும் வருத்தப்பட்டவனாக உள்ளே ஓடி, ஒரு கிண்ணம் நிறையச் சர்க்கரை கொண்டுவந்து என் முன்னால் வைத்தான்.

எரிச்சல் வந்தது உண்மை. இரண்டு வாய் இட்லி உள்ளே போனதும் எரிச்சல் போய் யோசனை வந்தது. நான் சொன்ன பண்டம் ஒன்றுகூடத் தப்பவில்லை. இட்லி வந்தது, வடை வந்தது, காபி வந்தது. தப்பியது இரண்டு 'போடாம'வும் ஒரு 'வேணாம்'மும்தான். தமிழில் 'இல்லை' என்பதை வினைச்சொல்லின் வாலுக்குள் ஒளித்துவைக்கிறோம். 'போடு' என்று தொடங்கி, கேட்பவன் கையைக் கரண்டிக்குக் கொண்டுபோனபிறகு 'ஆம' என்று முடிக்கிறோம். 'வேணும்', 'வேணாம்' இரண்டுக்கும் நடுவில் இருப்பது ஓர் உயிரெழுத்து. அதையும் சாப்பாட்டுக்கடை இரைச்சலில், பாதி வாய்க்குள் விழுங்கிச் சொல்கிறோம். இந்தியில் மறுப்புக்குத் தனிச் சொல் உண்டு. அது வினைக்கு முன்னாலேயே வந்து நின்று கைகாட்டிவிடும். அப்படிக் கேட்டுப் பழகிய காதுக்கு நம் 'போடாம'வில் விழுவது 'போடு' மட்டும். அவன் போட்டான். அவன்மேல் குற்றமில்லை.

கல்லாவுக்கு மேலே உள்ளே விளக்கெரியும் படப்பலகைகள் வரிசையாக இருந்தன. முழங்கை நீளத் தோசை, பஞ்சு மேகம் போலப் பூரி, நிஜத்தில் எந்தக் கடையிலும் கண்டிராத நிறத்தில் பரோட்டா. பாஷை தெரியாத வாடிக்கையாளர் விரல் நீட்டினால் போதும். ஜப்பானில் இதையே ஒரு கலையாக வளர்த்திருக்கிறார்கள். இவாசாகி தகிஸோ என்பவர் 1932-ல் ஒஸாகாவில் மெழுகால் உணவு மாதிரிகள் செய்து விற்கத் தொடங்கினார். இன்று அங்கே உணவகங்களின் கண்ணாடிப் பெட்டிகளில் பிளாஸ்டிக் நூடுல்ஸ் தொங்குவதும் பிளாஸ்டிக் இறால் மின்னுவதும் அந்த வழியில் வந்ததுதான். ஆனால் படமோ மெழுகோ, ஒரு பொருளைத்தான் காட்டும். 'சர்க்கரை இல்லாத காபி'யை எப்படிப் படம் எடுப்பது? வெங்காயம் போடாத ரவா தோசையை எந்த மெழுகில் வார்ப்பது?

பக்கத்து மேசையில் ஓர் அம்மாள். எழுபதை நெருங்கும் வயது, மஞ்சள் பை, நெற்றி நிறைய விபூதி. அதே தம்பிதான் போனான். அவர் தலையை நிமிர்த்தாமல் சொன்னார்: "ஒரு சாதா தோசை. எண்ண கம்மி. சட்னி ஜாஸ்தி." சொன்னது சொன்னபடி வந்தது. தோசையில் எண்ணெய்ப் பளபளப்பே இல்லை. சட்னி மட்டும் இரண்டு கிண்ணம்.

நான் முப்பது வருஷமாகத் தவிர்க்கப் பழகிய சொற்கள் இவை. 'கம்மி' என்று எழுதினால் 'குறைவு' என்று திருத்துவேன். 'ஜாஸ்தி'யை 'மிகுதி' என்று மாற்றுவேன். இரண்டுமே பாரசீகம், அரபு வழியாக வந்து இங்கே ஒட்டிக்கொண்டவை. 'சாதா'வும் அப்படித்தான். தோசை நம்முடையது, சாதா அவர்களுடையது. அந்தத் தம்பிக்கு 'குறைவாக' என்பது வெறும் ஓசை. 'கம்மி' அவன் ஊரிலும் கம்மிதான். யோசித்தால் இந்தப் பக்கத்தில் அந்தச் சொற்கள் விளைந்ததில் வியப்பொன்றும் இல்லை. திண்டிவனத்துக்கு மேற்கே முப்பது கிலோமீட்டருக்குள் செஞ்சிக் கோட்டை. 1677-ல் சிவாஜி பிடித்தார். அவர் மகன் ராஜாராம் 1690 முதல் அதற்குள் இருந்துகொண்டு முகலாயப் படையைத் தாக்குப்பிடித்தார். 1698-ல் முகலாயர், பிறகு ஆற்காட்டு நவாப், 1750-ல் பிரெஞ்சுக்காரர், 1761-ல் ஆங்கிலேயர். 2025-ல் யுனெஸ்கோ மராட்டிய ராணுவ நிலக்காட்சிகள் என்று பன்னிரண்டு கோட்டைகளைப் பட்டியலில் சேர்த்தபோது தமிழ்நாட்டிலிருந்து இடம்பெற்றது இது ஒன்றுதான். இத்தனை பாஷைக்காரர்களும் இங்கே என்னத்தைத் தின்றார்கள், எப்படிக் கேட்டு வாங்கினார்கள் என்று எந்தக் கல்வெட்டும் சொல்லாது. கம்மியும் ஜாஸ்தியும் கொஞ்சம் சொல்கின்றன. அவ்வளவு ஏன், பரிமாறுகிறவரை நாம் 'சிப்பந்தி' என்கிறோமே, அந்தச் சொல்லும் உருது வழியாகப் படைக் கணக்கிலிருந்து இறங்கி வந்ததுதான்.

அம்மாள் என் சர்க்கரைக் கிண்ணத்தைப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "இன்னாப்பா, காபியா? வித்தவுட்டுன்னு சொல்லணும். எனக்கு எட்டு வருஷமா சுகரு. எந்தக் கடைக்குப் போனாலும் வித்தவுட்டு. அது அல்லாருக்கும் தெரியும்."

அட. சென்னையில் தெருவுக்குத் தெரு கேட்கும் சொல்தான். டீக்கடைப் பலகையைச் சுற்றி நிற்பவர்களில் பாதிப்பேர் வித்தவுட். 'இல்லாமல்' என்பதன் ஆங்கிலத்தை, என்ன இல்லாமல் என்று சொல்லாமலே, ஒரு பானத்தின் பெயராக ஆக்கிவைத்திருக்கிறோம். இலக்கண ஆசிரியர் அழுதாலும், வேலை நடக்கிறது. வாலுக்குள் ஒளிந்திருந்த மறுப்பை வெளியே எடுத்துத் தனியாக நிற்கவைத்த சொல் அது.

சிங்கப்பூரில் இதற்கென்றே ஒரு தனி பாஷை இருக்கிறது. முதல்முறை அங்கே போனபோது ஒரு கோப்பிக் கடையில் திணறினேன். காபி அங்கே கோப்பி. வெறும் 'கோப்பி' என்றால் கெட்டிப் பால், சர்க்கரையோடு. 'கோப்பி ஓ' என்றால் பால் கிடையாது, சர்க்கரை உண்டு. 'ஓ' ஹொக்கியன் சீனத்தில் கறுப்பு. 'கோசோங்' என்று பின்னால் ஒட்டினால் சர்க்கரையும் போய்விடும். மலாயில் அதற்கு 'வெறுமை' என்று பொருள். 'சியு தாய்' என்றால் சர்க்கரை கம்மி, இது வேறொரு சீன வழக்கு. 'பெங்' என்றால் ஐஸ். ஒரு கோப்பைக் காபிக்குள் மூன்று பாஷை. என் முன்னால் நின்ற தமிழ்ப் பெரியவர் சீன முதலாளியிடம் "கோப்பி ஓ கோசோங்" என்று சொல்லி வாங்கிக்கொண்டு, திரும்பி என்னிடம் "தம்பி என்ன குடிக்கிறீங்க?" என்று கேட்டார். அவர் வாயிலிருந்து வந்த எதுவும் அவருக்கு அந்நியமாக இல்லை. மூன்று சாதிச் சனமும் ஒருவர் பாஷையை ஒருவர் முழுசாகக் கற்றுக்கொண்டிருந்தால் இந்தச் சொற்கள் பிறந்திருக்காது என்று அப்போது தோன்றியது. அரைகுறையாகத் தெரிந்தவர்கள் கூடியே இதைச் செய்திருக்க வேண்டும்.

வண்டி கிளம்ப இன்னும் நேரமிருந்தது. தம்பி பில் கொண்டுவந்தான். "எந்த ஊரு?" என்றேன். இந்தக் கேள்வி அவனுக்கு மனப்பாடம். "ஒடிசா. பிரம்மபூர்."

பிரம்மபூர் என்றால் கஞ்சாம் மாவட்டம். 1936 ஏப்ரல் 1-ல் ஒடிசா தனி மாகாணம் ஆகும்வரை அது சென்னை மாகாணத்தில் இருந்தது. அவன் பாட்டனும் என் பாட்டனும் ஒரே மாகாணத்துப் பிரஜைகள். இதை அவனிடம் விளக்க எனக்கு வித்தவுட் மாதிரி ஒரு சொல் கிடைக்கவில்லை. அவன் நாக்கை மட்டும் கவனித்தேன். 'குளம்பு' என்றான், 'ழ' இல்லை. ஆனால் 'ள' கச்சிதமாக விழுந்தது. எங்கள் திருநெல்வேலிப் பக்கத்திலும் 'குளம்பு'தான். இந்திக்காரர்களுக்கு வராத ளகரம் ஒடியாவில் உண்டு.

தட்டில் எஞ்சியிருந்த சாம்பாரைக் காட்டி, "புளி. இம்லி. உங்க ஊர்ல என்ன சொல்லுவீங்க?" என்றேன்.

"தெந்துளி" என்றான்.

வாசலுக்கு வெளியே, சாலையோரப் பச்சைப் பலகையில், நாங்கள் கடந்துவந்த ஊரின் பெயர் அம்புக்குறியோடு நின்றது: திண்டிவனம். திந்திரிணி என்றால் வடமொழியில் புளி. திந்திரிணி வனம், புளியங்காடு, காலப்போக்கில் திண்டிவனம். ஊர் நடுவில் இருக்கும் சிவனுக்கு இன்றும் திந்திரிணீஸ்வரர் என்றுதான் பெயர். அதே வேரில் கிளைத்ததுதான் ஒடியாவின் தெந்துளியும் வங்காளத்தின் தேந்துலும். நாம் புளி என்கிறோம். நம் ஊர்ப்பெயரில் இருப்பது அவன் வீட்டு அடுக்களைச் சொல். அரபிகள் அதே புளியைப் பார்த்து 'தமர் ஹிந்தி', இந்தியப் பேரீச்சை, என்றார்கள். ஆங்கிலக்காரன் அதை டாமரிண்ட் ஆக்கிக்கொண்டான். பேரீச்சைக்கும் புளிக்கும் என்ன உறவு? கடைக்காரரிடம் விரல் நீட்டிக் கேட்டு, ஏதோ புரிந்து, ஒரு பெயர் வைத்துக்கொண்டதுதான்.

பலகையைக் காட்டி, "திண்டிவனம், தெந்துளி" என்று இரண்டு மூன்று முறை சொன்னேன். அவன் பலகையைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். "டீண்டிவனம் பின்னாடி சார். போயிருச்சு" என்றான், நான் இறங்கவேண்டிய ஊரைத் தவறவிட்டவன் என்று நினைத்து. காட்டைப் பற்றிப் பேச இனி அங்கே சாட்சியும் அதிகமில்லை. நான்குவழிச் சாலை போட்டபோது ஓரத்துப் புளியமரங்கள் போய்விட்டன.

விழுப்புரம் வரைக்கும் அந்த அம்மாள்தான் பேச்சுத்துணை. விக்கிரவாண்டிச் சுங்கச்சாவடியில் வண்டி ஊர்ந்தபோது, மருமகள் சமையலில் உப்பு ஜாஸ்தி என்றார். மரக்காணம் உப்பளத்துக்குப் பக்கத்தில் பெண் எடுத்தால் அப்படித்தான் என்று அவரே ஒரு தீர்ப்பும் சொன்னார்.

நகல் வாங்கும் வேலை பதினோரு மணிக்கே முடிந்துவிட்டது. ரயில் நிலையப் பக்கம் நடந்தேன். சென்னை, திருச்சி, மயிலாடுதுறை, புதுச்சேரி, காட்பாடி என்று ஐந்து திசைக்கும் தண்டவாளம் பிரியும் சந்திப்பு இது. வங்காளத்துப் புருலியாவிலிருந்து ஒடிசாக் கடற்கரை வழியாக விழுப்புரத்துக்கென்றே ஒரு ரயிலை விட்டிருந்தார்கள். காலையில் பார்த்த தம்பியைப் போன்றவர்கள் பலரை இறக்கிவிட்டது அதுவாக இருக்கலாம். இங்கிருந்து போனவர்களும் உண்டு. பக்கத்து வளவனூரில் பிறந்த எழுத்தாளர் பாவண்ணன் தொலைபேசித் துறை வேலைக்காகக் கர்நாடகம் போய், கன்னடம் கற்று, பைரப்பாவின் கன்னட நாவல் 'பர்வ'த்தையே தமிழுக்குக் கொண்டுவந்தார். போன முதல் வாரம் அவர் அங்கே சாப்பாடு எப்படிக் கேட்டிருப்பார் என்று ஒரு நினைப்பு ஓடியது.

பேருந்து நிலையத்துக்குப் பக்கத்து மெஸ் ஒன்றில் மதியச் சாப்பாடு. இலைச் சாப்பாட்டில் ஒரு வசதி, எதையும் கேட்க வேண்டாம். உட்கார்ந்தால் போதும், வரிசைப்படி எல்லாம் வரும். எனக்கு எதிரே ஒரு வெளிநாட்டுத் தம்பதி. ஆரோவில்லிலிருந்து திருவண்ணாமலைக்குப் போகிறவர்கள் என்று பேச்சில் தெரிந்தது. ஆரோவில்லின் பெரும்பகுதி விழுப்புரம் மாவட்டத்தில்தான் இருக்கிறது. 1968 பிப்ரவரி 28-ல் 124 நாட்டு மண்ணைக் கொண்டுவந்து ஒரு தாழியில் கொட்டித் தொடங்கிய ஊர். தமிழ், பிரெஞ்சு, ஆங்கிலம், சமஸ்கிருதம் என்று நான்கு பாஷைகள் அங்கே அதிகாரபூர்வமானவை. அந்த நான்கில் ஒன்றிலிருந்து அந்தப் பெண்மணி ஒரு சொல்லைக் கற்றுவைத்திருந்தார்.

சாதம் வைத்தார்கள். சாம்பார் ஊற்றினார்கள். இரண்டாம் முறை சாதம் வந்தபோது அவர் புன்னகையோடு, தெளிவாக, "போடும்" என்றார்.

பரிமாறியவர் போட்டார்.

"போடும், போடும்!" குரலில் லேசான பதற்றம்.

பரிமாறியவர் மகிழ்ந்துபோய் இன்னொரு கரண்டி போட்டார். வெள்ளைக்கார அம்மா பழைய காலத்து மரியாதையோடு 'போடும்' என்கிறாரே என்று அவருக்கு ஆனந்தம். 'போதும்' என்பதைத்தான் அவர் சொல்கிறார் என்று எனக்குப் புரிய இரண்டு கரண்டி நேரம் ஆகிவிட்டது. எந்தப் புத்தகத்தில் ஆங்கில எழுத்தில் படித்தாரோ, தகரம் டகரமாகி, மறுப்பு வேண்டுகோளாகிவிட்டது. எட்டிக் கையை நீட்டி, என் இலைக்கு மேலே உள்ளங்கையைக் குடைபோல் விரித்துக் காட்டினேன். அவரும் அப்படியே செய்தார். கரண்டி நின்றது. ஆங்கிலம், பிரெஞ்சு எதுவும் தேவைப்படவில்லை. படத்தாலும் மெழுகாலும் முடியாததை இந்த ஒரு கை செய்துவிடுகிறது. இலையை நம் பக்கமாக மடிக்கவேண்டும் என்பதையும் காட்டிக்கொடுத்தேன். அவர் கணவர் அதற்குள் பாயசத்தை ரசத்தில் கலந்து ஒரு புது உணவு கண்டுபிடித்திருந்தார். அதை நான் திருத்தவில்லை, ரசித்துத்தான் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

என் பெருமிதம் கொஞ்ச நேரம்தான். "வெஞ்சனம் இன்னொரு தடவ வைங்க" என்றேன். பரிமாறியவர் குனிந்து, "இன்னாது?" என்றார். "வெஞ்சனம்." கல்லாவைப் பார்த்தார். கல்லாக்காரர் என்னைப் பார்த்தார். எங்கள் பக்கத்தில் தொட்டுக்கொள்வதற்கெல்லாம் அதுதான் பெயர். முப்பது வருஷம் சென்னையில் இருந்தும் பசியில் ஊர்ச்சொல் வந்துவிட்டது. கடைசியில் நானும் விரலைத்தான் நீட்டினேன். "அட, பொரியலா!" என்றார். வெளிநாட்டுப் பெண்மணி என்னைப் பரிவோடு பார்த்தார்.

திரும்பும் வண்டிக்கு நிற்கும்போது ஒரு பெண் கூடையோடு வந்தார். "மல்லாட்டை, மல்லாட்டை! வெவிச்ச மல்லாட்டை!" எட்டிப் பார்த்தால் கடலை. மணிலாக்கொட்டை என்பது தேய்ந்து மல்லாட்டை ஆகியிருக்கிறது. தென்னமெரிக்காவில் பிறந்து, ஸ்பானியர்கள் கப்பலில் பசிபிக்கைக் கடந்து பிலிப்பைன்ஸின் மணிலாவுக்குப் போய், அங்கிருந்து இங்கே வந்த பயிர் என்பதை அந்தப் பெயர் இன்னும் சுமந்துகொண்டிருக்கிறது. வந்த பயிர் இந்த மண்ணில் ஊன்றியும் விட்டது. திண்டிவனம் எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையம் தந்த ரகங்களுக்கு டி.எம்.வி. என்றுதான் பெயர், 1940-ல் வந்த டி.எம்.வி. 2 மாநில எல்லைகளைத் தாண்டி விளைந்தது. திண்டிவனத்தின் ரயில்வே குறியீடும் அதே மூன்றெழுத்து. ஒரு படி வாங்கினேன். "மல்லாட்டை" என்று சொல்லித்தான் வாங்கினேன், கடலை என்று சொல்லவில்லை.

இருட்டிய பிறகு வண்டி மீண்டும் ஓரிடத்தில் ஒதுங்கியது. சாலை நடுவில் தடுப்பு இருப்பதால் சென்னைக்குப் போகும் வண்டிகளுக்கு மறுபக்கத்தில் வேறு உணவகம். எதிர்ச்சாரியில், காலையில் நின்ற கடையின் விளக்குகள் தெரிந்தன. இப்போது நான் தேர்ந்தவன். காபிப் பட்டறைக்கு முன்னால் நின்ற பையனிடம் ஒரு விரலைக் காட்டினேன். "காபி" என்று நிறுத்திச் சொன்னேன். இரண்டு கையையும் குறுக்கே வீசி, "வித்தவுட். சக்கரை, நஹி. நோ சுகர்" என்று எனக்குத் தெரிந்த பாஷை எல்லாவற்றையும் அவன் முன்னால் வரிசையாக வைத்தேன்.

அவன் நான் முடிக்கும்வரை பொறுமையாக இருந்தான். பிறகு சொன்னான்: "சக்கரை போடாம ஒரு காபி. அவ்ளோதானே சார்? தமிழ்லயே சொல்லலாமே."

"எந்த ஊரு தம்பி?"

"சமஸ்தீபூர், பீகார். ஆறு வருஷமாச்சு. டிகாக்‌ஷன் ஜாஸ்தியா, மீடியமா?"